பூஞ்சணமும் பச்சிளங் குழவியும்

மாரிகாலம் தொடங்கிவிட்டால் நம் வீடுகளிற் பூஞ்சணம் பிடியாத பொருள் அரிது. ஊறுகாய்ப் பரணியின் வாயிலும், மூடிவைத்த பாணிலும், மூலையிற் கிடக்கும் தோற்செருப்பிலும் அது வெண்மையாகவும் பச்சையாகவும் பூத்துக் கிடக்கும். நாம் அதனைத் துடைத்தெறிந்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகின்றோம். அப்ப மாவைப் பொங்கச் செய்யும் மதுவமும் அக்குலத்தைச் சேர்ந்ததே. அதனை நாம் விரும்பியே வரவழைக்கின்றோம். இத்துணை எளிதாக நாம் கருதும் இக்குலத்தில் ஒன்று பச்சிளங் குழவியொன்றின் குருதியிற் புகுந்துவிட்டால் நிகழ்வது யாது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. யானும் சென்ற மாரிவரை எண்ணிப் பார்த்தவனல்லன்.

அம்மாரியில் ஒருநாள் மாலை, முன்னர் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். மணமாகி நான்காண்டுகளின் பின் பிறந்த தலைப்பிள்ளை, இருபத்தெட்டு வாரத்திலேயே பிறந்து, ஒரு கிலோகிராம் நிறைகூட இல்லாமல் வைத்தியசாலையில் இருந்தது. மூன்றாம் வாரத்தில் அக்குழந்தை சோர்ந்தது. அதன் குருதியைச் சோதித்தவர்கள் அதில் மதுவம் வளர்ந்திருப்பதாகக் கூறினர்.

“ஐயா, பூஞ்சணம் அழுக்கிலே பிறப்பதன்றோ? எங்கள் வீடு அழுக்கென்றல்லவா உறவினர் பேசுகின்றனர்? பிள்ளையின் தாய் உண்ணாமல் அழுதபடியே இருக்கின்றாள்” என்றார். சிறிது நேரம் வாளாவிருந்து, “இன்னுமொன்று, ஐயா. அவர்கள் ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். அம்மருந்து வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடும்படி மாமனார் சொல்கின்றார். நாளைக் காலை எழுதிக் கொடுக்கட்டுமா?” என்று வினவினார்.

தாவரவியல் கற்பிக்கும் எனக்கு மருத்துவம் தெரியாது. “தம்பி, யாதொன்றும் எழுதிக் கொடாதீர். முதலில் அந்த வைத்தியரிடமே சென்று இதே வினாவைக் கேளும்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதன் பின்னர் நூல்களிலும், மருத்துவம் பயின்ற நண்பர்களிடத்தும் யான் கற்றவற்றையே இவ்வாரம் வாசகர் முன் வைக்கின்றேன்.

பகைவன் யார்?

பங்கசு என்று பாடநூல்கள் கூறும் பூஞ்சணக் குலம் மிகப் பெரிது. காளானும் அதுவே, மதுவமும் அதுவே. அவற்றுட் கன்டிடா என்னும் மதுவ இனம் நலமாயுள்ள மாந்தரின் வாயிலும் குடலிலும் தோலிலும் யாதொரு தீங்கும் செய்யாமல் வாழ்வது. கைக்குழந்தைகளின் நாவில் வெண்மையாகப் படியும் அக்கரம் என்று நம் பாட்டிமார் கூறும் நோயும் இதனாலேயே உண்டாவது. அது மேற்பரப்பில் நிற்கும்வரை பெருங் கேடில்லை. குருதியிற் புகுந்து, சிறுநீரகம், கண், இதயம், மூளை என்று உள்ளுறுப்புகளிற் குடியேறும்போதே அது உயிர்ப்பகையாகின்றது. இதனையே ஊடுருவும் பங்கசுத் தொற்று என்பர்.

ஆகவே, அந்த மாணவரின் முதலாவது வினாவுக்கு விடை எளிது. அந்த மதுவம் அவருடைய வீட்டுச் சுவரிலிருந்து வந்ததன்று. பிறக்கும்போது தாயிடமிருந்தோ, பின்னர்த் தொடுவோர் கைகளிலிருந்தோ எந்தக் குழந்தையையும் அது வந்தடையலாம். மாதம் நிரம்பிப் பிறந்த குழந்தை அதனை எளிதாகத் தாங்குகின்றது; மாதம் நிரம்பாத குழந்தையால் அது இயலவில்லை. இதில் வெட்கப்பட வேண்டியவர் எவருமிலர்.

வாயில்கள் திறந்து கிடப்பது ஏன்?

குறைமாதக் குழவியின் தோல் மிக மெல்லியது. நோயெதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் இன்னும் முதிராதவை. அதற்கு வாயாற் பாலருந்த வலிமையில்லை; ஆதலின் நாளத்தினுள் மெல்லிய குழாயைச் செலுத்தி அதன்வழியே உணவை ஏற்றுகின்றனர். குழந்தையை வாழ்விக்கும் அக்குழாயே மதுவத்துக்கு வழியும் ஆகின்றது. குழாயின் உட்புறத்தில் மதுவம் வழுவழுப்பான படலமாகப் படிந்துவிட்டால், மருந்து அதனுள் எளிதிற் புகாது. இதனாலேயே நோய் உறுதியானதும், இயலுமாயின், அக்குழாயை வைத்தியர் அகற்றிவிடுகின்றனர்.

இன்னுமொரு வாயிலும் உண்டு. பற்றீரியாக்களைக் கொல்லும் நுண்ணுயிரெதிரி மருந்துகளைப் பல நாள் கொடுக்கும்போது, குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்களும் அவற்றோடு மடிகின்றன. வேலியழிந்த தோட்டத்திற் களை பெருகுவதுபோல அங்கே மதுவம் பெருகுகின்றது. பிறிதொரு நோயிலிருந்து குழந்தையைக் காப்பாற்றிய மருந்தே இந்நோய்க்கு இடங்கொடுத்துவிடுகின்றது. அம்மருந்து கொடுத்தது பிழையென்று இதனாற் கொள்ளலாகாது. தேவைக்கு மேல் ஒரு நாளும் கொடுத்தலாகாது என்பதே இதிற் பெறும் பாடம்.

வளர்ந்த பிள்ளைகளுள் குருதிப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்கு வேறொரு பகைவன் உண்டு. அஸ்பேர்ஜிலஸ் என்னும் பூஞ்சணத்தின் வித்திகள் காற்றிலே எங்கும் மிதப்பன. நம்மில் ஒவ்வொருவரும் நாள்தோறும் அவற்றை மூச்சோடு உள்வாங்குகின்றோம். வெண்குருதிக் கலங்கள் அவற்றை அழித்துவிடுகின்றன. புற்றுநோய் மருந்தினால் அக்கலங்கள் அருகிய பிள்ளையின் நுரையீரலிலோ அவ்வித்திகள் முளைக்கின்றன. வைத்தியசாலையிற் கட்டட வேலை நடக்கும்போது எழும் தூசி அத்தகைய பிள்ளைகளுக்கு ஆபத்தாவது இதனாலேயே.

பூஞ்சணம் ஈரத்தை நாடுவது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரச் சான்றுண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி மாதத்து ஆழிப்பேரலையின் பின்னர், மறு ஆண்டில், முதுகில் விறைப்பூசி ஏற்றப்பெற்ற தாய்மார் சிலருக்கு அஸ்பேர்ஜிலஸ் மூளையுறையைத் தாக்கிற்று; உயிரிழந்தோரும் உளர். பேரிடர்க் காலத்தில் மருத்துவப் பொருள்கள் ஈரமும் வெப்பமும் மிக்க களஞ்சியத்தில் தேங்கிக் கிடந்தமை அப்போது ஐயத்துக்கு இடமாயிற்று. களஞ்சியத்தைக் காப்பவனும் உயிரைக் காப்பவனே என்பதை அந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தியது.

கொல்லுதல் ஏன் கடினம்?

பெனிசிலின் பற்றீரியாவைக் கொல்கின்றது. நம் உடலின் கலங்களை அணுகுவதில்லை. பற்றீரியாவுக்கு உள்ள கலச்சுவர் நமக்கில்லை. பெனிசிலின் அச்சுவர் எழுவதைத் தடுக்கின்றது. அவ்வளவில் வேலை முடிந்தது. பூஞ்சணமோ அவ்வாறன்று. அதன் கலத்தில் நம் கலத்திற் போலவே கருவுண்டு. உயிர்க்குலங்களின் உறவுமுறையில் அது பற்றீரியாவைவிட நமக்கே அண்மையது. உறவினன் பகைவனாகும்போது அவனை மட்டும் தனியே பிரித்து அடிப்பது அரிது அன்றோ? மருத்துவருக்கும் இதுவே இடர்ப்பாடு.

எனினும், வேற்றுமை அறவே இல்லாமலில்லை. நம் கலத்தின் மென்சவ்விலே இருப்பது கொலஸ்ரெரோல். பூஞ்சணத்தின் மென்சவ்விலே இருப்பது எர்கோஸ்ரெரோல். இரண்டும் உடன்பிறந்தார்போல் ஒத்தவை, ஆயினும் ஒன்றல்ல. பூஞ்சணத்துக்குக் குளுக்கன் என்னும் பொருளால் இயன்ற கலச்சுவரும் உண்டு, நமக்கு அஃதில்லை. இன்று வைத்தியசாலைகளில் ஊடுருவும் தொற்றுக்குப் பயன்படும் மருந்துகளிற் பெரும்பாலானவை இவ்விரு வேற்றுமைகளையே பற்றி நிற்கின்றன.

மண்ணிலே கிடைத்த மருந்து

இவ்விடத்தில் மாணவர்க்கு ஒரு வரலாறு கூற விரும்புகின்றேன். 1948ஆம் ஆண்டளவில், அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலச் சுகாதாரப் பகுதியிற் பணிபுரிந்த பெண்மணிகள் இருவர் ஒரு முயற்சியிலே கூடினர். எலிசபெத் ஹேசன் என்பார் நியூயோர்க் நகரிலிருந்தார்; றேச்சல் பிறவுண் என்பார் அல்பனி நகரிலிருந்தார். ஹேசன் பல இடத்து மண்ணை எடுத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களுட் பூஞ்சணத்தைக் கொல்வன எவை என்று தேடினார். தக்கது ஒன்று கிடைத்தால், கண்ணாடிப் பரணியிலிட்டு அஞ்சலில் அனுப்புவார். பிறவுண் அதிலுள்ள மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்து அஞ்சலிலேயே திருப்பியனுப்புவார். வேர்ஜீனியா மாநிலத்தில், வாரன்ரன் என்னும் ஊருக்கு அண்மையிலிருந்த நண்பரின் பாற்பண்ணையில் எடுத்த ஒருபிடி மண்ணில் அவர்கள் தேடியது கிடைத்தது. 1950ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தனர். தம் மாநிலத்தின் பெயரைத் தழுவி அதற்கு நிஸ்ரற்றின் எனப் பெயரிட்டனர்.

ஹேசன் இளமையிலேயே பெற்றோரை இழந்து உறவினரால் வளர்க்கப்பெற்றவர். பிறவுண் கல்லூரியிற் பயின்றது பாட்டியாரின் செல்வத் தோழி ஒருவரின் உதவியால். அம்மருந்தின் உரிமைப் பணமாகச் சேர்ந்தது ஒருகோடி முப்பது இலட்சம் டொலருக்கு மேல்; அதில் ஒரு சதத்தையும் அவ்விருவரும் தமக்கென எடுத்தாரல்லர். முழுவதையும் அறிவியல் ஆராய்ச்சிக்கே அளித்தனர். பிறர் பொருளாற் கற்றவர் பிறர்க்கே திருப்பித் தந்தனர்.

நிஸ்ரற்றின் வாய்க்கும் குடலுக்கும் தோலுக்கும் நல்ல மருந்து. ஆயின், நாளத்தில் ஏற்றமுடியாத அளவு நச்சுத்தன்மையுடையது. குருதியிற் புகுந்த பகையை வெல்ல வேறொன்று வேண்டியிருந்தது. தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டு ஒறினோக்கோ ஆற்றுப்புறத்து மண்ணிலிருந்து, 1950களின் நடுப்பகுதியில், அம்போற்றெரிசின் பி பிரித்தெடுக்கப்பட்டது. அமிலமாகவும் காரமாகவும் ஒருங்கே தொழிற்படும் அதன் இயல்பே அப்பெயருக்குக் காரணம். அது பூஞ்சணத்தின் எர்கோஸ்ரெரோலைப் பற்றிக்கொண்டு மென்சவ்வைச் சிதைக்கின்றது. ஆனால் நம் கொலஸ்ரெரோலையும் ஓரளவு பற்றுகின்றது. நோயாளிக்குக் குளிரும் காய்ச்சலும் உண்டாவதும், சிறுநீரகம் தாக்குறுவதும் அம்மருந்தோடு வரும் தொல்லைகள்.

மாமனார் கூறியது முற்றிலும் பொய்யன்று என்பது இதனால் விளங்கும். அவர் அறியாதவையோ மூன்று. முதலாவது, பிறந்த குழந்தைகள் இம்மருந்தை முதியோரைவிட நன்றாகத் தாங்குகின்றனர். இரண்டாவது, கொழுப்புத் துளிகளுள் மருந்தைப் பொதிந்து தரும் முறை 1990களிற் புழக்கத்துக்கு வந்துள்ளது. அது சிறுநீரகத்துக்குச் செய்யும் தீங்கு குறைவு. மூன்றாவது, மருந்து நடக்கும் நாளெல்லாம் குருதியைச் சோதித்துச் சிறுநீரகத்தின் நிலையையும் உப்புகளின் அளவையும் வைத்தியர் கண்காணிக்கின்றனர். மருந்தின் தீங்கு அளவிடக்கூடியது, பெரும்பாலும் திருத்தக்கூடியது. குருதியில் மதுவத்தை விட்டுவைப்பதால் வரும் தீங்குக்கோ அவ்விரண்டும் இல்லை.

குழந்தை சிறிய மனிதனன்று

பின்னாளில் வந்தவற்றுட் புளுக்கொனசோல் குறிப்பிடத்தக்கது. எர்கோஸ்ரெரோல் உண்டாவதையே அது தடுக்கின்றது, நச்சுத்தன்மை குறைவு. வொறிக்கொனசோல் என்பது அதன் இனத்தது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. அஸ்பேர்ஜிலஸ் நோய்க்கு இன்று முதன்மையான மருந்து. கஸ்பொபங்கின் முதலியன பூஞ்சணத்தின் குளுக்கன் சுவரையே தாக்குவன.

இங்கே மாணவர்க்கு ஒரு கணக்கு. 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர்க்கு வொறிக்கொனசோல், தொடக்க நாள் கழிந்தபின், ஒரு வேளைக்கு நிறையின் கிலோகிராம் ஒன்றுக்கு 4 மில்லிகிராம் வீதம் 240 மில்லிகிராம் நாளத்தில் ஏற்றப்படுமாயின், 12 கிலோகிராம் நிறையுள்ள நான்கு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு? விகிதசமம் கற்ற எவரும் 48 மில்லிகிராம் என்பர். விடை பிழை. ஏனெனின், சிறுபிள்ளையின் ஈரல் அம்மருந்தை முதியோரைவிட விரைந்து சிதைக்கின்றது. ஆதலின் கிலோகிராம் ஒன்றுக்கு 8 மில்லிகிராம் வேண்டும். அஃதாவது 96 மில்லிகிராம். பிறந்த சில நாட்களேயான குழவிக்கோ புளுக்கொனசோல் போன்ற மருந்து உடலைவிட்டு நீங்க நெடுநேரமாகும். சில வாரங்களின் பின் அந்நிலையும் மாறுகின்றது. குழந்தை, முதியவரைச் சுருக்கி வரைந்த படமன்று. வாரந்தோறும் மாறும் தனியுடல். மருந்துப்புட்டியின் தாளைப் படித்து அளவைக் கணிக்க முயலும் பெற்றோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இவ்வேற்றுமையாலேயே, முதியோரிடம் செய்த ஆய்வைக் கொண்டு குழந்தைக்கு மருந்து கொடுத்துவிட இயலாது. குழந்தைகளிடையே தனியாய்வு வேண்டும். அமெரிக்காவிற் கஸ்பொபங்கினுக்கு வளர்ந்தோர் வகையில் அனுமதி கிடைத்தது 2001ஆம் ஆண்டில். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்தது 2008ஆம் ஆண்டில். ஏழாண்டுகள் பிள்ளைகள் பின்வரிசையில் நின்றனர்.

வருமுன் காத்தல்

நோய் வந்தபின் போராடுவதைவிட, வராமற் காக்கலாகாதா? வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து வைத்தியரான டேவிட் கோவ்மனும் அவருடைய கூட்டத்தாரும் இவ்வினாவை எழுப்பினர். நிஸ்ரற்றின் கிடைத்த மண்ணும் அதே மாநிலத்ததென்பதை வாசகர் நினைவு கூர்வர். ஆயிரம் கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்த நூறு குழந்தைகளுள் ஐம்பதுக்குப் புளுக்கொனசோலும், ஐம்பதுக்கு மருந்தற்ற நீரும் ஆறுவாரம் கொடுத்தனர். மருந்தற்ற கூட்டத்திற் பத்துக் குழந்தைகளுக்கு ஊடுருவும் தொற்று உண்டாயிற்று. மருந்து பெற்ற கூட்டத்தில் ஒன்றுக்கும் உண்டாகவில்லை. 2001ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று.

ஆயினும், எல்லா இடத்தும் எல்லாக் குழந்தைக்கும் இம்மருந்தைக் கொடுப்பதில்லை. இந்நோய் மிகுதியாகக் காணப்படும் விடுதிகளில், மிகச் சிறிய குழவிகளுக்கே அதனைக் கொடுக்கும்படி அறிஞர் கூறுகின்றனர். மருந்தை மிகுதியாகப் புழங்கினால் அதற்கு அடங்காத பகைவர் தோன்றுவர். 2009ஆம் ஆண்டில், யப்பான் நாட்டு மூதாட்டி ஒருவரின் செவியிற் கண்டறியப்பட்ட கன்டிடா ஓரிஸ் அத்தகையது. ஓரிஸ் என்பது இலத்தீன் மொழியிற் செவியைக் குறிக்கும். பல மருந்துகளுக்கு அடங்காமல், கட்டிலிலும் மேசையிலும் தங்கி, வைத்தியசாலையில் ஒருவரிலிருந்து ஒருவருக்குப் பரவுகின்றது அது. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட கொடிய பூஞ்சணங்களின் பட்டியலில் முதல் வரிசையில் அதுவும் இடம்பெற்றது.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

குழந்தை வைத்தியசாலையில் இருக்கும்போது பெற்றோர் கையற்று நிற்பதாக எண்ணுகின்றனர். அது சரியன்று. தொடுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது அவர்கள் கையிலுள்ளது. மோதிரமும் காப்பும் கழற்றிவைப்பது அவர்கள் கையிலுள்ளது. தாய்ப்பாலை வைத்தியர் கூறும் முறைப்படி சேர்த்துக் கொடுப்பது தாயின் கையிலுள்ளது. வைத்தியரிடம் வினவுவதும் அவர்கள் உரிமையே: குழாயை அகற்றலாமா? கண்ணும் இதயமும் சிறுநீரகமும் சோதிக்கப்பட்டனவா? மருந்து எத்தனை நாள்? குருதியில் மதுவம் அற்றுப்போன நாளிலிருந்து எண்ணி, பொதுவாகப் பதினான்கு நாளாயினும் மருந்தைத் தொடர்தல் வேண்டும். பிள்ளை தெளிந்துவிட்டதென்று இடையில் நிறுத்துவது, அணைந்ததென்று கருதி நெருப்பைச் சாம்பலில் மூடிவைப்பதை ஒக்கும்.

இன்னுமொன்று. குருதி வளர்ப்புச் சோதனை இந்நோயை ஏறத்தாழப் பாதி வேளையிற் காட்டத் தவறுகின்றது. ஆகவே, சோதனையின் விடை வருமுன்னரே வைத்தியர் மருந்தைத் தொடங்கினால், “காரணமின்றி ஏற்றுகின்றனர்” என்று ஐயுற வேண்டுவதில்லை. காலந்தாழ்த்துவதே அங்கே பெரும்பிழை.

வீட்டிலும் நமக்குக் கடமையுண்டு. தடிமனுக்கும் சளிக்கும் மருந்துக்கடையில் நாமே நுண்ணுயிரெதிரி வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும்.

அந்த மாணவர் மறுநாள் வைத்தியரைக் கண்டார். வைத்தியர் அரைமணி நேரம் இருந்து விளக்கினாராம். மாணவர் மறுப்பு யாதும் எழுதிக் கொடுக்கவில்லை. குழாய் அகற்றப்பட்டது, மருந்து தொடர்ந்தது. நான்காம் நாள் எடுத்த குருதியில் மதுவம் இல்லை. இடையில் ஒருநாள் குழந்தையின் பாட்டியார் கோயில் விபூதியோடு வந்து, குழந்தையின் நெற்றியில் இடவேண்டுமென்று வாசலில் நின்றாராம். தாதி அவரை வையவில்லை. “அம்மா, விபூதியைக் குழந்தையின் தாய்க்கு வெளியிலே பூசிவிடுங்கள், கையைக் கழுவிவிட்டு வந்து பேரப்பிள்ளையைப் பாருங்கள்” என்றாராம். பாட்டியார் அவ்வாறே செய்தார். இறைவனை வேண்டுவதும் கையைக் கழுவுவதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை, நூல் பல கற்ற என்னைவிட அத்தாதி நன்கறிந்திருந்தார்.

சென்ற மாதம் அவர்கள் மூவரும் என் வீட்டுக்கு வந்திருந்தனர். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பற்றி இழுத்தது. சிறுநீரகத்திற் குறையில்லை, கண்ணை மட்டும் குறித்த காலத்திற் சோதித்துவருமாறு சொல்லியிருக்கின்றனராம். தாயின் முகத்தில் முன்பிருந்த வெட்கம் இல்லை. “ஐயா, இப்பொழுது யாராவது கேட்டால் நானே விளக்கம் சொல்கின்றேன்” என்றார் அவர்.

மாணவச் செல்வங்களே, அடுத்த மழைக்குப் பின் உங்கள் வளவில் மண்ணின் மணம் எழும்போது சற்று நின்று எண்ணிப் பாருங்கள். நம்மைக் கொல்ல வல்லதும் நம்மைக் காக்க வல்லதும் அம்மண்ணிலேயே அருகருகே வாழ்கின்றன. அவற்றை வேறு பிரித்தறிய, பொறுமையோடு பரணிகளை அஞ்சலில் அனுப்பிய அவ்விருவர் போன்றோர் இன்னும் பலர் வேண்டும்.